வராந்தாவில் முப்பத்தொரு தொட்டில்

மலையாள நாட்டுத் தலைநகரின் பாளையத்தில், பல்கலைக்கழக நூலகத்துக்குப் பக்கத்துச் சந்தில், இசக்கிசெல்வியின் போட்டோஸ்டாட் கடை பதினாறு வருடமாக இருக்கிறது. பத்தடிக்கு எட்டடி இடம். இரண்டு மெஷின், ஒரு ஸ்பைரல் பைண்டிங் கருவி, ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. இந்த ஊரில் முனைவர் பட்டம் வாங்கியவர்களில் பாதிப் பேருடைய ஆய்வேடு அவள் மெஷின் கண்ணாடி மேல் ஒரு தடவையாவது குப்புறப் படுத்திருக்கும். யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்பது மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அவளுக்கு அத்துப்படி. ஒரே வாக்கியம் மூன்றாவது முறையாகக் கண்ணாடிக்கு வந்தால் உதட்டைச் சுழித்துக்கொண்டு பொத்தானை அமுக்குவாள். வாய் திறக்கமாட்டாள். வாடிக்கையாளர் ஆயிற்றே.

அவளுக்கு நாற்பத்துநான்கு வயது. பிறந்து வளர்ந்தது கரமனை ஆற்றோரத்தில் பம்ப் லைன் என்று பெயர்கொண்ட முப்பத்தெட்டு வீடுகளில். அந்த வீடுகளில் இருப்பவர்களின் முன்னோர்கள் வள்ளியூர், நாங்குநேரிப் பக்கமிருந்து தண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலைக்கு மண்வெட்டியோடு வந்தவர்கள். கணவன் ஐயப்பன் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். பள்ளிப் படிப்பு மலையாளத்தில். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுபோனது. பிறகு நாற்பது வயதில் திடீரென்று அஞ்சல் வழியில் பி.ஏ. சேர்ந்தாள். காரணம் கோபம்தான். ஒரு ஆராய்ச்சி மாணவன் தாள்களை நீட்டிக்கொண்டே, "சேச்சி, இது மனசிலாகணும்னு ஒண்ணும் இல்ல, காப்பி எடுத்தா மதி" என்று சிரித்தான். புரிய வேண்டியதில்லையாம், காப்பி எடுத்தால் போதுமாம்! அன்றைக்கே விண்ணப்பம் வாங்கினாள். இப்போது எம்.ஏ. வரலாறு இரண்டாம் வருடம். அந்த மாணவன் இன்னும் ஆய்வேடு சமர்ப்பிக்கவில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் அற்ப சந்தோஷமும் உண்டு.

போன மாசி மாதம் ஒருநாள் அவள் கண்ணாடிக்கு வந்த ஒரு ஆய்வேட்டில்தான் எல்லாம் ஆரம்பித்தது. நகரத்தின் குடிநீர் வரலாறு பற்றியது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம்: குழாய் வேலை நடந்த இடத்தில், பொறியாளரின் தாயுள்ளத்தால், கூலிப் பெண்களின் குழந்தைகளுக்கு ஒரு தொட்டில் கொட்டகை கட்டப்பட்டது.

இசக்கிசெல்வி மெஷினை நிறுத்திவிட்டாள். தாயுள்ளமாம்!

பம்ப் லைனில் இந்தக் கதையைக் கேட்காமல் யாரும் வளர்ந்ததில்லை. கொல்லம் வருஷம் ஆயிரத்து நூற்றேழு, கார்த்திகை மாதம். மழை விட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்த நாள்கள். பள்ளம் தோண்டிய பெண்கள் கைக்குழந்தைகளை மண்மேட்டில் கிடத்திவிட்டு வேலை செய்தார்கள். ஒரு கொட்டகை போட்டுத் தாருங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒருநாள் காலையில் எல்லோரும் இன்ஜினீயர் ஆபீஸ் வராந்தாவுக்குப் போய், தூணுக்குத் தூண் சேலையில் தொட்டில் கட்டிப் பிள்ளைகளைப் போட்டுவிட்டு மண்வெட்டியை வைத்துவிட்டார்கள். முப்பத்தொரு தொட்டில். ஆபீசுக்குள் நுழைய வழியில்லை. மூன்று நாள் வேலை நின்றது. நான்காம் நாள் கொட்டகைக்கு மூங்கில் வந்தது. முதல் தொட்டிலைக் கட்டி எல்லோரையும் அழைத்துப்போனவள் வடிவம்மாள், இசக்கிசெல்வியின் அப்பாவுக்கு அத்தை. அப்பா சாகும்வரை இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் எழுந்து நின்றுதான் சொல்வார்.

கதைக்கு ஒரு கெட்ட பெண்ணும் வேண்டுமல்லவா. அவள் பெயர் உலகம்மை. இரண்டாம் நாள் சாயங்காலம் கூட்டத்திலிருந்து நழுவி, இன்ஜினீயர் பங்களாவுக்குப் பின்வாசல் வழியாகப் போனாள், எல்லோர் பெயரையும் சொல்லிக் காட்டிக்கொடுத்தாள் என்பது லைனின் தீர்ப்பு. அவளுடைய பேரன் கோலப்பன் இப்போதும் கடைசி வீட்டில் இருக்கிறார். சாலை மார்க்கெட்டில் சுமை தூக்கி ஓய்ந்தவர். இசக்கியம்மன் கோயில் கொடைவிழாவில் எல்லா வீட்டுப் பொங்கல் அடுப்பும் முற்றத்தில் எரியும், அந்த வீட்டு அடுப்பு மட்டும் மதிலுக்கு வெளியே. யாரும் வாயால் தடுப்பதில்லை. தொண்ணூறு வருடமாக அப்படித்தான்.

இப்போது லைனுக்குப் புதிய அங்கன்வாடிக் கட்டிடம் வந்திருந்தது. அதற்கு வடிவம்மாள் பெயர் வைக்க வேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள். வார்டு கவுன்சிலர் மறுக்கவில்லை. ஆனால், "கதை போதாது கேட்டோ. எழுதின ஆதாரம் வேணும். அடுத்த வெள்ளிக்கிழமை மீட்டிங்குக்குள்ள தரணும், இல்லேன்னா வெறும் நம்பர்தான்" என்று சொல்லிவிட்டார். எட்டு நாள்தான் இருந்தது. லைனில் எம்.ஏ. படிக்கிற ஒரே ஆள் இசக்கிசெல்வி. அவளுக்கும் வேறு யாரிடமும் இந்த வேலையை விடுகிற எண்ணம் இல்லை. அப்பாவின் அத்தை பெயரை அச்சில் பார்க்க வேண்டும். அந்தத் தாயுள்ளத்துக்காரனையும் ஒரு கை பார்க்க வேண்டும்.

கடையை ஐயப்பனின் விடுமுறை நாளில் அவன் தலையில் கட்டிவிட்டு, மற்ற நாள்களில் மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அவள் நூலகத்துக்கு ஏறினாள். பதினாறு வருடம் அந்த வாசலைப் பார்த்தபடி நின்றவள் உறுப்பினர் அட்டையோடு உள்ளே போவது இதுதான் முதல் தடவை.

ஆய்வு உதவி மேசையில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். மலையாளத்தில்தான் பேச்சைத் தொடங்கினாள். அட்டையில் இருந்த பெயரைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினாள். "இசக்கிசெல்வியா? நான் திவ்யலட்சுமி. கரமனை அக்ரகாரம்தான் நானும். சொல்லுங்கோ, என்ன தேடறேள்?"

இசக்கிசெல்வி கொட்டித் தீர்த்தாள். தொட்டில், வராந்தா, தாயுள்ளம், கவுன்சிலர், எல்லாம். குரல் உயர்ந்தது தெரியவில்லை. வாசிப்பறையில் நாலு தலை திரும்பியது.

திவ்யலட்சுமி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். "அந்த ஆய்வேட்டுக்காரர் அன்னிக்கு அங்கே நின்னு பார்த்தவர் இல்லியே. யாரோ எழுதினதைப் பார்த்துத்தானே எழுதியிருப்பார்? அதெல்லாம் இரண்டாம்நிலை ஆதாரம். நமக்கு வேண்டியது அன்னிக்கே, அங்கே இருந்தவா எழுதினது. முதல்நிலை. அதுக்கு வழி அடிக்குறிப்பிலதான் இருக்கும். கீழேர்ந்து படிச்சுண்டு போங்கோ அக்கா."

கீழேயிருந்து படிப்பது! பக்கத்தின் அடி வெட்டுப்பட்டுவிடாமல் தாளைச் சரியாக வைத்தே பதினாறு வருடத்தை ஓட்டியவளுக்கு அடிக்குறிப்பைப் பற்றிச் சொல்லித்தர வேண்டுமா? அன்று மத்தியானமே அந்த ஆய்வேட்டைப் பிடித்தாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், அடிக்குறிப்பு எண் நாற்பத்தொன்று, 1988இல் வந்த ஒரு மலையாளப் புத்தகத்தைக் காட்டியது. கம்ப்யூட்டர் அட்டவணையில் எண்ணைத் தேடி, இரண்டாம் மாடிக்கு ஓடி, அலமாரியில் இருந்து உருவினாள். அதே வாக்கியம், அதே தாயுள்ளம். அதன் அடிக்குறிப்பு 1962இல் வெளியான ஒரு ஆண்டு மலரைக் காட்டியது. மலர் மூடிய அடுக்கில் இருந்தது. சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தாள். கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

மலர் வந்தது. பக்கம் இருபத்தெட்டு. 1932 நவம்பரில் பொறியாளர் தாயுள்ளத்தோடு ஒரு கொட்டகை கட்டித்தந்தார் என்று சொல்லப்படுகிறது.

கீழே ஒன்றும் இல்லை. அடிக்குறிப்பும் இல்லை, ஆள் பெயரும் இல்லை. சொல்லப்படுகிறதாம். யார் சொன்னது, எப்போது சொன்னது, சொன்னவனுக்கு அந்த இன்ஜினீயர் மாமனா மச்சானா, எதுவும் கிடையாது. அறுபது வருடமாகப் படித்தவர்கள் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்து எழுதியிருக்கிறார்கள், கடைசியில் இருந்தவனுக்கு முன்னால் வெறும் சுவர்! இசக்கிசெல்விக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. காப்பியிலிருந்து காப்பி எடுத்தால் எழுத்து மங்கும் என்று அவள் தினமும் நாலு பேருக்காவது சொல்வாள். இங்கே மங்குவதற்குப் பதிலாகப் பளபளப்பு ஏறியிருந்தது.

"ஆனா ஒரு தேதி கிடைச்சுது பாத்தேளா" என்றாள் திவ்யலட்சுமி. அவளுக்கும் இப்போது சூடு பிடித்துவிட்டது. "மூணு நாள் அரசாங்க வேலை நின்னுருக்குன்னா சட்டசபையில யாராவது கேள்வி கேட்டிருப்பா. பழைய சபை நடவடிக்கைக் குறிப்பெல்லாம் இங்கே இருக்கு. 1932 நவம்பர்லேர்ந்து எடுத்துத் தரட்டுமா?"

எடுத்துத் தந்தாள். ஒவ்வொன்றும் பலகை மாதிரி கனம், தாளைத் தொட்டால் ஓரம் உதிரும். போட்டோஸ்டாட் எடுக்க அனுமதி கிடையாது. பேனாகூடக் கூடாது, பென்சில்தான். போட்டோஸ்டாட் கடைக்காரி பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தாள். வெள்ளி, சனி, திங்கள் என்று மூன்று மத்தியானம். நெல் விலை பற்றிக் கேள்வி இருந்தது. பாலங்கள் பற்றி இருந்தது. தெருநாய்களைப் பற்றிக்கூட ஒரு அங்கத்தினர் இரண்டு பக்கம் பேசியிருந்தார். தொட்டிலைப் பற்றி ஒரு சொல் இல்லை. 1933 பங்குனி வரை புரட்டிவிட்டாள். லைனில் கேட்பவர்களிடம், "கிடைக்கும், கிடைக்கும்" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. திங்கள் சாயங்காலம் முதல்முறையாக அவளுக்கு ஒரு பயம் வந்தது. ஒருவேளை அப்படி ஒன்று நடக்கவே இல்லையோ? அப்பா எழுந்து நின்று சொன்னதெல்லாம் வெறும் கதைதானோ?

செவ்வாய்க்கிழமை காலை கடைக்கு ஒரு அம்மாள் வந்தார். மகனுக்கு வரன் தேடிக்கொண்டிருப்பவர். ஜாதகத்தைப் பத்துக் காப்பி கேட்டார். ஏற்கெனவே ஐம்பது காப்பி எடுத்துக்கொண்டு போனவர்தான், மாப்பிள்ளை இன்னும் மாப்பிள்ளையாகவே இருந்தார். இசக்கிசெல்வி ஜாதகத்தைக் கண்ணாடியில் வைத்து மூடப்போனாள். மேல் வரியில் பிறந்த தேதி இரண்டு விதமாகவும் எழுதியிருந்தது. கொல்லம் 1165 விருச்சிகம் 9. ஆங்கிலம் 1989 நவம்பர் 24.

மூடியைப் பிடித்த கை அப்படியே நின்றது.

கொல்லம் வருஷத்தோடு எண்ணூற்றிருபத்தைந்தைக் கூட்டினால் ஆங்கில வருஷம். இந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைகூட அப்படித்தான் கூட்டும். 1165ஓடு 825 சேர்த்தால் 1990. ஜாதகத்தில் இருப்பதோ 1989! ஜோசியருக்குக் கணக்குத் தெரியாதா? இல்லை, இல்லை. கொல்லம் வருஷம் பிறப்பது ஆவணியில். ஆங்கில வருஷம் பிறப்பது ஜனவரியில். ஆவணியில் புது வருஷத்துக்குக் கடைக்குப் பூ வாங்கிப் போட்டுவிட்டு, அதே கையோடு பழைய ஆங்கிலக் காலண்டரைத்தானே மேலும் நாலு மாதம் கிழிக்கிறோம்! அப்படியானால் ஆவணியிலிருந்து மார்கழி பாதி வரை எண்ணூற்றிருபத்துநாலுதான். கார்த்திகை, இந்த ஊர் விருச்சிகம், அதற்குள் வருகிறது. ஆயிரத்து நூற்றேழு கார்த்திகை 1932 அல்ல. 1931!

"ஏ அம்மா!" என்று அவள் போட்ட சத்தத்தில் மாப்பிள்ளையின் தாயார் பதறிப்போனார். "எந்தா, ஜாதகத்துல தோஷம் வல்லதும் உண்டா?"

"தோஷமா? உங்க மகன் ஜாதகம் போல ஒரு ஜாதகம் இந்த ஊர்ல கிடையாது சேச்சி! காசு வேண்டாம், கொண்டுபோங்க!" பத்துக் காப்பியையும் கையில் திணித்துவிட்டு ஷட்டரை இறக்கினாள். மலர் போட்டவனும் எண்ணூற்றிருபத்தைந்தைக் கூட்டியிருக்கிறான். புத்தகம் எழுதியவனும் ஆய்வேடு எழுதியவனும் கூட்டிப் பார்க்கக்கூட இல்லை. தேடிப்போன யாராவது இருந்திருந்தால் அவர்களும் தவறான வருஷத்தைப் புரட்டிவிட்டு, ஒன்றுமில்லை என்று திரும்பியிருப்பார்கள். அவளும்தான் மூன்று நாள் தெருநாய்களோடு மாரடித்தாள்.

நூலகப் படியில் இரண்டிரண்டாக ஏறினாள். மூச்சிரைக்க மேசைமேல் கையூன்றி, "மேடம், ஒரு வருஷம் பின்னால! நாம ஒரு வருஷம் முன்னால போய் நிக்கிறோம்!" என்றாள். திவ்யலட்சுமிக்கு முதலில் புரியவில்லை. விரல்விட்டுக் கூட்டிக் காட்டியதும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, நானும்னா கவனிக்கலை! ஆவணி ஒண்ணாந் தேதிக்கு ஆத்துல பாயசம் வெச்சுச் சாப்பிடறோம், இது தோணலை பாருங்கோ." சீட்டை எழுதக்கூட விடாமல் அவளே அடுக்குக்குள் போனாள்.

1931 டிசம்பர்த் தொகுதி. மேலட்டை பிரிந்து நூலில் தொங்கியது. இசக்கிசெல்வி பொருளடக்கத்தைப் பார்க்கவில்லை, பக்கம் பக்கமாகவே போனாள். பதினோராம் பக்கம், இருபதாம் பக்கம். முப்பத்தேழில் ஒரு கேள்வி. ஆங்கிலத்தில் இருந்தது. ஆற்றோரத்துக் குழாய் வேலைத்தலத்தில், பொறியாளர் அலுவலக வராந்தாவில் கூலிப் பெண்கள் தொட்டில்களைக் கட்டியதால் பணி தடைப்பட்டது உண்மையா? உண்மையெனில் எத்தனை தொட்டில், எத்தனை நாள்?

பதில் ஒரே வரி. உண்மை. முப்பத்தொரு தொட்டில்கள், மூன்று நாள்கள்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தாலும் தாங்கியிருக்கலாம். வாசிப்பறையின் நடுவில் எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய அப்படியே ஆடினாள். எண்ணிக்கை சரி! ஒன்றுகூடப் பிசகவில்லை! எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தொண்ணூறு வருடமாக வாயில் வைத்துக் காப்பாற்றிய எண்ணிக்கை, அரசாங்கத் தாளில் இருந்த எண்ணிக்கையோடு ஒத்துப்போனது. படித்தவர்கள்தான் வருஷத்தையே தொலைத்திருந்தார்கள். திவ்யலட்சுமி ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தாள். ஷ்ஷ் என்று சொல்ல வேண்டியவள் தானே சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆராய்ச்சி மாணவர் எழுந்துவந்து எட்டிப்பார்த்தார்.

"இணைப்பு இருக்கு அக்கா. பொறியாளரோட அறிக்கை. அடுத்த பக்கம் புரட்டுங்கோ."

புரட்டினாள். அறிக்கை ஒன்றரைப் பக்கம். அதில் தாயுள்ளம் மருந்துக்குக்கூட இல்லை. அந்த ஆள் எழுதியிருந்தது இதுதான்: இரண்டாம் நாள் மாலை, உலகம்மை என்னும் கூலிப் பெண், மற்றவர்கள் சார்பாகப் பேச வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு என் இல்லத்துக்கு வந்தாள். முதல் நாள் காலையில் முதல் தொட்டிலைக் கட்டியவளும் இவளே. மன்னிப்புக் கேட்குமாறு சொன்னேன். மறுத்தாள். அவள் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் கூறியபடி கீழே தருகிறேன். அடக்கமில்லாத இந்தப் பேச்சுக்காக அவளை வேலையிலிருந்து நிரந்தரமாக நீக்கியுள்ளேன். எனினும் வேலை தாமதப்படுவதைத் தவிர்க்க, கொட்டகைக்கு அனுமதி அளிக்கிறேன்.

இசக்கிசெல்வி அதை இரண்டு முறை படித்தாள். உலகம்மையா? கட்டியவளே உலகம்மையா? பின்வாசல் வழியாகப் போனது இதற்காகவா?

அறிக்கையின் அடியில் இன்னும் ஒரு பத்தி இருந்தது. இரண்டாம் நாள் மத்தியானமே கீழ்க்கண்ட ஒன்பது பெண்கள் வருத்தம் தெரிவித்து, பெருவிரல் ரேகை வைத்து, வேலைக்குத் திரும்ப ஏற்றுக்கொள்ளப்பட்டனர். பெயர்கள் வரிசையாக இருந்தன. ஏழாவது: வடிவம்மாள், வன்னியபெருமாள் மனைவி.

அத்தையின் பெயரை அச்சில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாளே, பார்த்துவிட்டாள். லைனில் வன்னியபெருமாள் என்ற பெயரில் அத்தையின் கணவரைத் தவிர வேறு யாரும் இருந்ததில்லை.

திவ்யலட்சுமி அந்த வரியைப் பார்த்தாள், இசக்கிசெல்வியின் முகத்தைப் பார்த்தாள். மெல்லச் சொன்னாள். "இதோட ஸ்கேன் காப்பி சீல் போட்டு வர ஒரு வாரம் ஆகும் அக்கா. வெள்ளிக்கிழமைக்குத் தொகுதி எண், பக்க எண், நீங்க எழுதி எடுத்த பகுதி, இது போறும். நான் பார்த்தேன்னு கையெழுத்துப் போடறேன். எந்தப் பகுதியை எழுதணுங்கறது உங்க இஷ்டம்."

இசக்கிசெல்வி பென்சிலை எடுத்தாள். ஒன்றரைப் பக்கத்தை எழுதி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. நடுவில் கை பல தடவை நின்றது. ஆனால் ஒரு விஷயம் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நெஞ்சு இவ்வளவு கனக்கிறதே, ஆனாலும் அந்த ஆட்டம் அடங்கவே இல்லை. உள்ளே எதுவோ துள்ளிக்கொண்டேதான் இருந்தது. உலகம்மை பேசியிருக்கிறாள். பேசியது அச்சில் இருக்கிறது. இத்தனை வருடம் ஒருவரும் புரட்டாத பக்கத்தில், பொத்திவைத்த மாதிரி, ஒரு எழுத்துக் குறையாமல் இருக்கிறது. அதைக் கண்டெடுத்தவள் தான். இந்தச் சந்தோஷத்துக்கு வெட்கப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டில் ஐயப்பனிடம் சொன்னாள். அவன் பரோட்டா மாவு பிசைகிற நிதானத்தோடு யோசித்துவிட்டு, "அப்பா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரு?" என்றான். எழுந்து நின்று சொன்னவர் உட்கார்ந்திருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. மறுநாள் முழுக்கக் கடையில் யார் என்ன கேட்டாலும் இரண்டாம் தடவைதான் காதில் விழுந்தது. லைன் ஆட்கள் மூன்று பேர் போன் செய்தார்கள். "ஆதாரம் கிடைச்சதாமே செல்வி, அத்தை பேரு இருக்கா?" "இருக்கு" என்றாள். பொய்யில்லையே. போனை வைத்ததும் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் கரமனை பஸ்ஸை விட்டு இறங்கி, தன் வீட்டைத் தாண்டி, நேராகக் கடைசி வீட்டுக்குப் போனாள். கோலப்பன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். முதுகும் தோளும் இன்னும் மூட்டைக்கு வளைந்தபடியே இருந்தன.

"எந்தா பிள்ளே, வழி மாறி வந்துட்டியா?" என்றார்.

"இல்ல மாமா, உங்களைப் பார்க்கத்தான். உலகம்மையைப் பத்தி ஒரு காகிதம் கிடைச்சிருக்கு."

அவர் முகம் மூடிக்கொண்டது. "அந்தப் பேரை எதுக்குப் பிள்ளே இப்ப எடுக்கே. நாங்க ஒதுங்கித்தானே கிடக்கோம். எம் மகளுக்குப் பேரிடும்போதுகூட அந்தப் பேரை வைக்க எங்க அப்பன் சம்மதிக்கல்ல."

"மாமா, ஒரு நிமிஷம் கேளுங்க. கேட்டிட்டுத் திட்டுங்க." நோட்டைப் பிரித்தாள். வாசித்தாள். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழாக்கிக்கொண்டே வந்தாள். வந்தவள் உலகம்மை. முதல் தொட்டில் கட்டியவள் உலகம்மை. மன்னிப்புக் கேட்கச் சொன்னபோது மறுத்தவள் உலகம்மை. கோலப்பனின் கையில் வெற்றிலை மடிந்த மடியில் நின்றது.

"அவ என்ன பேசினான்னும் இருக்கு மாமா."

"பேசினதா? அவ பேசினதா?"

"அவளே பேசினது. கேளுங்க. பிள்ளை அழுதா எனக்குப் பால் சுரக்கு, மாரு நனையுது, இந்தக் கையில கடப்பாறையை எப்படிப் பிடிக்க? ஒம்ம பிள்ளையை ஒரு மணி நேரம் இந்த வெயில்ல மண்ணுமேல போட்டுப் பாரும். அதுக்குப் பொறவு வந்து கொட்டகை வேண்டாம்னு சொல்லும், நான் கேக்கேன்."

கோலப்பன் தொடையில் ஓங்கித் தட்டினார். வெற்றிலை கீழே சிதறியது. "இது எங்க வீட்டுப் பேச்சாக்கும்!" என்று கத்தினார். "எங்க அப்பனும் இப்படித்தான் பேசுவாரு! நானும் இப்படித்தான் பேசிக் கங்காணிகிட்டே அடி வாங்கினேன்! இன்னொரு தடவ வாசி. அவ பேசினதை மட்டும் வாசி." அவள் வாசித்தாள். மறுபடியும் கேட்டார், மறுபடியும் வாசித்தாள். மூன்றாம் தடவை அவர் உதடும் கூடவே அசைந்தது. கண்ணீரைத் துடைக்காமல் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அவருடைய மனைவி எட்டிப்பார்த்து, என்ன ஆயிற்று என்று பயந்துபோனாள்.

"அங்கன்வாடிக்கு இந்தப் பேர்தான் மாமா. நாளைக்கு நான் கொடுக்கப்போறது உலகம்மைன்னுதான். உங்ககிட்டே கேட்டுட்டுக் கொடுக்கணும்னு வந்தேன்."

அவர் தலையாட்டினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நோட்டைக் கையில் வாங்கினார். அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் விரலால் வரிகளைத் தடவிக்கொண்டே கீழே வந்தார். ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதியிருந்த இடத்தில் விரல் நின்றது.

"இது என்ன பிள்ளே, பட்டியலு?"

வேறு ஒன்றுமில்லை மாமா என்று சொல்லிவிடலாம். அவருக்குத் தெரியப்போவதில்லை. இசக்கிசெல்விக்கு வாய்வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

"பயந்துபோய் மன்னிப்புக் கேட்டவங்க. ரெண்டாம் நாள் மத்தியானமே. ஒன்பது பேரு. அதுல ஏழாவது எங்க அத்தைதான் மாமா."

கோலப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்துக்கும் சேர்த்து ஏதாவது சொல்வார், சொல்லட்டும் என்று அவள் தலையைக் குனிந்து நின்றாள்.

"வடிவம்மைக்கு அப்ப கைப்பிள்ளை இருந்திருக்கும், இல்லியா?" என்று கேட்டார்.

"இருந்திருக்கும் மாமா. முப்பத்தொண்ணுல ஒரு தொட்டில் அவங்களுது."

"பின்ன?" என்றார். பிறகு நோட்டை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். "நாளைக்கு மீட்டிங்குக்குப் பொறவு கோயில் முற்றத்துல வச்சு எல்லாத்தையும் வாசி. இந்த ஒன்பது பேரையும் சேத்து வாசி. ஒருத்தரையும் விடாதே. நீ விட்டேன்னா, இவனுக மறுபடியும் எவளாச்சும் ஒருத்திமேல பழியப் போடுவானுக."

இசக்கிசெல்வி அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். முதல் பெயரிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். ஏழாவது பெயர் வந்தபோது குரலைத் தாழ்த்தவில்லை.